மூண்டு பிள்ளையள், மூண்டு வருஷம்: லண்டன் குடும்பம் ஒண்டு கொழும்பில இன்டர்நஷனல் ஸ்கூல் தேடின கதை

முதலே சொல்லிப்போடுறன், நான் வெள்ளவத்தையில லண்டன் ஓ.எல், ஏ.எல் (16, 18 வயசில எழுதிற லண்டன் சோதினையள்) படிக்கிற பிள்ளையளுக்கு கணக்கு ரியூஷன் குடுக்கிற ஆள். அதால ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி அங்கத்தைய பிரின்சிபல் சொல்லுறதை விட, அங்க படிக்கிற பிள்ளையின்ர கணக்குக் கொப்பி சொல்லுறதைத்தான் கூட நம்புவன். இது என்ர பெரியம்மாவின்ர மகன், எனக்கு அண்ணா, அவரின்ர குடும்பத்தில நடந்தது. ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு, இப்பதான் கொஞ்சம் தள்ளி நிண்டு பார்க்கக் கூடியதா இருக்கு. அண்ணாட்டயும் அண்ணியிட்டயும் கேட்டுத்தான் எழுதுறன். பேர் ஒண்டும் போடேல்ல, பிழை விட்ட பள்ளிக்கூடத்தின்ர பேரும் போடேல்ல, தயவுசெய்து கேக்கவும் வேண்டாம்.

அண்ணா 90களில வெளிக்கிட்டுப் போனவர். லண்டனில படிச்சு அங்கயே கலியாணம் கட்டி வீடும் வாங்கி இருந்தவர். 2023இல அவரின்ர கம்பனி கொழும்பு ஒஃபிசைப் பார்க்கச் சொல்லி 3 வருஷக் கொன்ராக்ட்டில அனுப்புது எண்டதும் அண்ணா துள்ளிக் குதிச்சவர், அண்ணி குதிக்கேல்ல. மூண்டு பிள்ளையள். மூத்தவளுக்கு 14, அந்தப் புரட்டாதி இயர் 10 தொடங்கவேணும். நடுவில பெடியன், 10 வயசு, இயர் 6க்குப் போகவேணும், வாசிப்பில கஷ்டப்படுற பிள்ளை, டிஸ்லெக்சியா எண்டு அங்க சோதிச்சு எழுதிக் குடுத்திருக்கினம். கடைக்குட்டிக்கு 4.

பங்குனி மாசம் அண்ணா எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினவர். பதினொரு பள்ளிக்கூடம், பதினாலு கொலம். நீச்சல் தடாகம், ரொபோட்டிக்ஸ், ஏசி வகுப்பு, வெளிநாட்டு ரீச்சர்மார் எத்தினை பேர் எண்டு எல்லாத்துக்கும் 5க்கு மார்க்ஸ் போட்டு, கூட்டி, ரேங்க் பண்ணி, கலரும் அடிச்சு. லண்டனில இருந்துகொண்டு வெப்சைட்டைப் பார்த்துப் போட்ட மார்க்ஸ். அதில முதலாவதா வந்த பள்ளிக்கூடத்தில இருந்து அப்ப என்னட்ட நாலு பிள்ளையள் வந்தவை, சனிக்கிழமை காலமை அதுகள் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் முழிக்கிறதைப் பார்த்த எனக்கு அந்த ரேங்கைப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது.

நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் வட்ஸப்பில கேட்டனான். "அண்ணா, எப்ப திரும்பிப் போறியள்?"

மனுசனுக்குக் கோபம் வந்திட்டுது. "இன்னும் வந்தே முடியேல்ல, அதுக்குள்ள போகச் சொல்லுறாய் என்ன" எண்டு வொய்ஸ் மெசேஜ். இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஊருக்குத் திரும்பிற கனவோட இருந்த ஆளிட்ட அப்பிடிக் கேட்டது என்ர பிழைதான், கொஞ்சம் இதமாக் கேட்டிருக்கலாம். ஆனா கேள்வி பிழையில்லை. விரலை மடிச்சுப் பாருங்கோ. 2023 புரட்டாதியில இயர் 10, 2024இல இயர் 11, 2025 வைகாசி ஆனியில ஓ.எல் சோதினை, பிறகு இயர் 12, கொன்ராக்ட் முடியிறது 2026 ஆவணி. அதாவது ஏ.எல் ரெண்டு வருஷத்தில ஒண்டு முடிஞ்சு மற்றது தொடங்க முதல் பெட்டி கட்டவேணும். சின்னவனுக்கும் கடைக்குட்டிக்கும் எப்ப போனாலும் சமாளிக்கலாம், மூத்தவளுக்கு இதை விட மோசமான நேரம் வேற இல்லை. எந்த வகுப்பில, எந்தச் சோதினைக்கு முதல், எந்தச் சோதினைக்குப் பிறகு விட்டுட்டு வெளிக்கிடப் போறம் எண்டது தெரியாமல் "எது நல்ல பள்ளிக்கூடம்" எண்டு கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எக்செல்லில அந்தக் கொலம் இல்லவே இல்லை.

"இன்டர்நஷனல்" எண்ட சொல்லு

வெளியில இருந்து வாறவைக்கு இது விளங்கிறதில்லை, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். இலங்கையில 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால உதவி பெற்ற பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, அதோட 5 தொடக்கம் 14 வயசுப் பிள்ளையளுக்குப் புதுசா தனியார் பள்ளிக்கூடம் தொடங்கேலாது எண்டும் வந்தது. 1977க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டாப்பிறகு ஆக்கள் கண்டுபிடிச்ச வழிதான் கம்பனிச் சட்டத்துக்குக் கீழ கம்பனியாப் பதிஞ்சு பள்ளிக்கூடம் நடத்திறது. அப்பிடிப் பார்த்தா இங்க அனேக இன்டர்நஷனல் ஸ்கூல் எண்டது சட்டத்தின்ர கண்ணுக்கு ஒரு கம்பனி, அவ்வளவுதான். "இன்டர்நஷனல்" எண்டு போர்டில போட ஒருத்தரும் வந்து தரம் பார்த்து முத்திரை குத்திறேல்ல. பழைய, பேர் எடுத்த இடங்களும் இருக்கு. ஓவர்சீஸ் ஸ்கூல் 1957இல தொடங்கினது, கொழும்பு இன்டர்நஷனல் ஸ்கூல் 1982, பிரிட்டிஷ் ஸ்கூல் 1994. அதே சொல்லைப் போட்டுக்கொண்டு ரெண்டு மாடி வீட்டில மேல் மாடி ஹோலைத் தடுத்து நாலு வகுப்பு நடத்திற இடமும் இருக்கு. சின்ன இடம் எல்லாம் கூடாது எண்டு சொல்லேல்ல, அதுக்குப் பிறகு வாறன்.

அப்ப என்னத்தை நம்பிறது? பிள்ளை எழுதப்போற சோதினையை நடத்திற ஆக்களைத்தான். கேம்பிரிட்ஜ், எடெக்சல், ஐ.பி மூண்டுமே தங்கட பதிவில உள்ள பள்ளிக்கூடங்களைத் தங்கட தளத்தில தேடிப் பார்க்க விடுகினம், அதில பேர் இல்லையெண்டா போர்டில என்ன எழுதியிருந்தாலும் விட்டுடுங்கோ. பதிவு இருக்கிறதும் படிப்பிக்கிற தரமும் ஒண்டில்லை எண்டதையும் மனசில வச்சிருக்கவேணும், பதிவு எண்டது வாசற்படி மட்டும்தான்.

காலி ரோட்டில போகேக்க பார்த்திருப்பியள், ஆவணி புரட்டாதி வந்தா பள்ளிக்கூட மதில் எல்லாம் பிள்ளையளின்ர படம், பத்து ஏ ஸ்டார், ஒன்பது ஏ ஸ்டார். எத்தினை பேர் எழுதினவை எண்டு ஒரு மதிலிலயும் பார்த்ததில்லை. அண்ணாவை நான் கேக்கச் சொன்ன கேள்வி இதுதான், போன வருஷம் இயர் 11இல எத்தினை பேர் இருந்தவை, அதில எத்தினை பேர் உங்கட பள்ளிக்கூடப் பேரில எழுதினவை, எத்தினை பேரைப் பிரைவேட்டா எழுதச் சொல்லி பிரிட்டிஷ் கவுன்சிலுக்கு அனுப்பினியள். இப்பிடிக் கேட்ட உடன ஒரு இடத்தில தேத்தண்ணி வந்தது, பதில் வரேல்ல. இன்னொரு இடத்தில அந்த மிஸ் எழும்பிப்போய் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து காட்டினவா, டி எடுத்த பிள்ளையளின்ர கணக்கையும் சேர்த்து.

மூத்தவள்

அண்ணாவுக்கு முதல் பார்வையில பிடிச்சது ஐ.பி, அதாவது இன்டர்நஷனல் பக்கலோரியட். பெலவத்தையில அது படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நானும்தான் கூடப் போனனான். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடிச்சது. பிள்ளையள் ரீச்சரைக் கேள்வி கேக்குதுகள், ரீச்சர் தெரியாது, பார்த்துச் சொல்லுறன் எண்டு சொல்லுறா, கொழும்பில நான் அடிக்கடி காணாத காட்சி. கொன்ராக்ட் 4 வருஷம் எண்டிருந்தா நானே அங்க சேருங்கோ எண்டு சொல்லியிருப்பன்.

3 வருஷத்துக்கு அது பொருந்தேல்ல. ஐ.பியில 11 தொடக்கம் 16 வயசு வரைக்கும் எம்.வை.பி எண்ட நடுப்பிரிவு, அதுக்குப் பிறகு ரெண்டு வருஷ டிப்ளோமா, ஆறு பாடம், 4000 சொல்லுக் கட்டுரை, 45 பொயின்ட். டிப்ளோமா 2025 ஆவணியில தொடங்கி 2027 வைகாசியிலதான் சோதினை, கொன்ராக்ட் முடிஞ்சு ஒன்பது மாசத்துக்குப் பிறகு. இல்லை, 2025இலயே அவளைத் திருப்பி லண்டனுக்கு அனுப்புவம் எண்டா, அங்க சிக்ஸ்த் ஃபோர்மில (ஏ.எல் படிக்கிற ரெண்டு வருஷம்) முதல் கேக்கிறது 16 வயசில எழுதிற ஜி.சி.எஸ்.ஈ ரிசல்ட்ஸ், முக்கியமா இங்கிலீசும் கணக்கும். எம்.வை.பிக்கும் சொந்தமா ஒரு சோதினை இருக்கு, ஆனா அதைக் கொண்டுபோய் ஒவ்வொரு கொலிஜ்ஜா ஏறி இறங்கி இது என்ன எண்டு விளங்கப்படுத்த வேணும், 16 வயசுப் பிள்ளைக்கு அந்தத் தலையிடி தேவையில்லை.

இந்த இடத்தில ஒரு பகிடி. அங்க அவளுக்குக் கிரேட் 9 எண்டு சொன்ன உடன அண்ணா "என்ன, பிள்ளையை ஒரு வகுப்பு இறக்கினமோ" எண்டு கார்க்குள்ள வந்து கத்தினவர். இறக்கேல்ல. லண்டன் கணக்கில இயர் 1 அஞ்சு வயசில தொடங்குது, அமெரிக்கன் கணக்கில கிரேட் 1 ஆறு வயசில, அதால இயர் 10உம் கிரேட் 9உம் ஒரே வயசுப் பிள்ளையள்தான். எங்கட அரசாங்கப் பள்ளிக்கூட ஆண்டுக் கணக்கு லண்டன் கணக்கோடதான் கிட்டத்தட்டப் போகும். மூண்டும் கலந்து கிடக்கிற ஊரில வகுப்பின்ர நம்பரைக் கேக்காமல் பிள்ளையின்ர பிறந்த திகதியைச் சொல்லி எங்க போடுவியள் எண்டு கேக்கிறது நல்லம்.

அப்ப இன்டர்நஷனல் ஜி.சி.எஸ்.ஈ, நாங்கள் இன்னும் லண்டன் ஓ.எல் எண்டு சொல்லுறது. எடெக்சலா கேம்பிரிட்ஜா? என்ர பாடம் எண்டபடியா கணக்கை மட்டும் வச்சுச் சொல்லுறன், ஏனெண்டா எல்லாம் ஒண்டுதானே எண்டு சொல்லுற பெற்றோர் கனபேர். இங்கிலாந்துக்குள்ள எழுதிற ஜி.சி.எஸ்.ஈ கணக்கு மூண்டு பேப்பர், அதில ஒண்டுக்குக் கல்குலேற்றர் இல்லை. எடெக்சலின்ர இன்டர்நஷனல் மேத்ஸ் ஏ ரெண்டு பேப்பர், ஒவ்வொண்டும் 2 மணித்தியாலம், 100 மார்க்ஸ், ரெண்டுக்கும் கல்குலேற்றர் கொண்டு போகலாம், ஆனா டிஃபரன்சியேஷன் (வகையிடல்) உள்ளுக்கு இருக்கு, லண்டன் பிள்ளை அதை ஏ.எல்லிலதான் காணும். கேம்பிரிட்ஜ் கணக்கில (சோதினை நம்பர் 0580) 2025 சோதினையில இருந்து கல்குலேற்றர் இல்லாத பேப்பர் ஒண்டு வந்திட்டுது. ஒரு பிள்ளையை இயர் 10 நடுவில தூக்கி மாத்தினா இதெல்லாம்தான் அடிக்கும், ஒரு டேர்மில முடிச்ச பாடத்தைத் திருப்பிப் படிக்கும், மற்றப் பள்ளிக்கூடம் ஏற்கனவே முடிச்சதைப் படிக்காமலே விட்டுடும். அதால அண்ணிக்கு நான் சொன்னது, பொங்கலுக்குப் பிறகு ஆறுதலா வருவம் எண்டு நினைக்காதேங்கோ, புரட்டாதி முதல் கிழமை வகுப்பில அவள் இருக்கவேணும். வந்தினம். ஆவணி 20க்கே வந்து இறங்கிட்டினம். இந்தக் கதையில சரியா நடந்த விஷயங்களில இதுதான் முதலாவது.

எடெக்சல் செய்யிற பள்ளிக்கூடம் ஒண்டில சேர்த்தது. காரணம் சிலபஸ் மட்டும் இல்லை. அவளின்ர லண்டன் பாடங்களில எத்தினை அப்பிடியே இருக்கு எண்டு பார்த்தம். மூண்டு சயன்சும் இருந்தது, ஹிஸ்ட்ரி இருந்தது ஆனா வேற பகுதி, ஸ்பானிஷ் ஒரு இடத்திலயும் சரிவரேல்ல. மூண்டு வருஷம் படிச்ச ஸ்பானிஷை விட்டுட்டு அவள் பிரெஞ்சு தொடங்கேலாது, கடைசியா அந்த இடத்துக்கு ஐ.சி.டி, கொம்பியூட்டர் பாடம். ஸ்பானிஷுக்கு அவள் இப்பவும் என்னோட கோபம்.

தமிழ்

அண்ணாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்தது, அதை அவர் எக்செல்லில போடேல்ல. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில ரெண்டு வருஷம் படிச்சிட்டுத்தான் அவர் வெளிக்கிட்டவர், மகனையும் அங்க விடவேணும். ஒரு பின்னேரம் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெடியனுக்குக் காட்டினவர். ஆறாம் ஆண்டுத் தமிழ் மீடியம் சயன்ஸ் புத்தகத்தைப் பூபாலசிங்கம் புத்தகக்கடையில வாங்கிக்கொண்டு வந்து மேசையில வச்சம். இங்கிலீசிலயே எழுத்து ஆடுற பிள்ளை. ரெண்டு பக்கம் அண்ணா தானே வாசிச்சவர், பிறகு புத்தகத்தை மூடி வச்சவர், அதுக்குப் பிறகு அந்தக் கதை எடுக்கேல்ல.

இன்டர்நஷனலில தமிழ் இருக்கோ எண்டு கேட்டா எல்லாரும் இருக்கு எண்டுதான் சொல்லுவினம். கிழமைக்கு எத்தினை பாடவேளை, தாய்மொழியாவா ரெண்டாம் மொழியாவா, ஓ.எல் வரைக்கும் போகுதோ இல்லை எட்டாம் வகுப்போட நிக்குதோ, இந்த மூண்டையும் கேக்கவேணும். ஒரு இடத்தில "தமிழ் கிளாஸ்" எண்டு காட்டினது சிங்களப் பிள்ளையளுக்கு "என் பெயர்" சொல்லிக் குடுக்கிற வகுப்பு. லண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஏழாம் ஆண்டுப் புத்தகம் படிச்ச எங்கட மூத்தவள் அங்க இருந்து என்ன செய்யிறது? இன்ரவல் நேரம் போய் கன்ரீன் பக்கத்தில பத்து நிமிஷம் நிண்டு பாருங்கோ, பிள்ளையள் தங்களுக்குள்ள என்ன பாஷை கதைக்குதுகள் எண்டு. வீட்டுக்கு வரப்போற பாஷை அதுதான்.

நடுவிலான்

இதிலதான் நாங்கள் சறுக்கினது, நான் உட்பட.

லண்டனில அவனுக்கு ஈ.எச்.சி.பி இருந்தது. அது 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில வாற பத்திரம், பிள்ளைக்கு இந்த இந்த உதவி குடுக்கவேணும் எண்டு அந்த ஊர்க் கவுன்சிலையே கட்டிப்போடும். இங்கிலாந்தை விட்டு வெளியில வந்தா அது வெறும் கடதாசி, ஒரு பள்ளிக்கூடத்தையும் கட்டுப்படுத்தாது. அண்ணிக்கு இது தெரியும், ஆனா அந்த ரிப்போர்ட்டைக் குடுத்தா பிள்ளையை எடுக்கமாட்டினமோ எண்ட பயத்தில விண்ணப்பத்தில ஒரு வரி மட்டும் எழுதிப்போட்டு முழு ரிப்போர்ட்டையும் பையுக்குள்ள வச்சிருந்தவா. எத்தினை தாய்மார் இப்பிடிச் செய்யினம், நான் கண்டிருக்கிறன், குறை சொல்ல மனம் வராது.

அக்காவும் தம்பியும் ஒரே கேற்றுக்குள்ள போனா ஒரு வான் காணும் எண்ட கணக்கில அவனையும் அவளோட சேர்க்கப் பார்த்தம், அங்க இயர் 6இல இடம் இல்லை. கிட்ட இருந்த இன்னொரு பெரிய பள்ளிக்கூடம் எடுத்தது. "லேர்னிங் சப்போர்ட் இருக்கோ?" "இருக்கு மெடம், யூனிட்டே இருக்கு." சேர்ப்புக்காசு, திருப்பித் தராதது. டெபொசிட், திருப்பித் தாறது. ஒரு டேர்ம் ஃபீஸ். எல்லாம் கட்டியாச்சு. யூனிட் எண்டது முழுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ஒரு மிஸ், அவவும் கிழமைக்கு மூண்டு நாள், அவவோட இருக்கிற நேரத்துக்கு மணித்தியாலக் கணக்கில வேற பில். ஐப்பசி முடியேக்க அவன் காலமையில வயித்துக்குத்து எண்டு படுக்கத் தொடங்கிட்டான். ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால எழும்பி வாசிக்கச் சொல்லியிருக்கினம். அவன் அதை வீட்டில சொல்லேல்ல, என்னட்ட கணக்கு செய்ய வந்த இடத்தில, வட்டத்தைக் கீறிக்கொண்டு தலையை நிமித்தாமல் சொன்னவன். "மாமி, நான் டோய்லெட்டுக்குப் போறன் எண்டு சொல்லிட்டு பெல் அடிக்கும் வரைக்கும் வரேல்ல."

மார்கழியோட நிப்பாட்டினது. தையில சேர்த்தது நான் முதல் சொன்ன மாதிரி ஒரு சின்ன இடம், நீச்சல் தடாகம் இல்லை, எக்செல்லில பத்தாவதா இருந்தது. அங்கத்தைய பிரின்சிபல் ஃபீஸ் கதைக்க முதல் கேட்டது "ரிப்போர்ட் இருந்தாத் தாங்கோ, வாசிச்சிட்டுத்தான் எடுக்கலாமோ எண்டு சொல்லுவன்" எண்டு. ரெண்டு நாள் எடுத்து வாசிச்சிட்டு, எங்களால இது இது ஏலும், இது ஏலாது, ஸ்பீச் தெரபி வெளியிலதான் பார்க்கவேணும் எண்டு எழுதித் தந்தவை. ஏலாது எண்டு சொல்லத் தெரிஞ்ச பள்ளிக்கூடத்தை அண்டைக்குத்தான் கண்டன். சோதினையில மேலதிக நேரம் எடுக்கிறதுக்கும் அந்த ரிப்போர்ட்தான் ஆதாரம், பள்ளிக்கூடம்தான் விண்ணப்பிக்கவேணும், அதால ரிப்போர்ட்டை ஒளிக்கிறதால வாற நட்டம் ரெண்டு மடங்கு.

முந்தின பள்ளிக்கூடத்தை நான் ஏன் நேர போய்ப் பார்க்கேல்ல எண்டு அண்ணி ஒரு நாளும் கேக்கேல்ல. கேட்டிருந்தாலும் பதில் இல்லை. மூத்தவளின்ர சிலபஸில தலையை விட்டுக்கொண்டு நிண்டனான், அவன் சின்னவன்தானே எண்டு விட்டுட்டன்.

வீடு, றோட்டு, காசு

வீட்டை முதல் எடுத்ததும் பிழை. அண்ணிக்கு மயூரபதி அம்மன் கோயில் நடக்கிற தூரத்தில வேணும், மீன் வேணும், சொந்தக்காரர் வேணும், வெள்ளவத்தை இல்லாமல் வேற எங்க? லண்டனில இருந்தே ஃபிளட்டுக்கு ஆறு மாச அட்வான்ஸ் அனுப்பியாச்சு. பள்ளிக்கூடம் 7.30க்கு. கொழும்பு 7 பக்கம் எண்டா வெள்ளவத்தையில இருந்து சமாளிக்கலாம், ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் எண்டா காலமை கிருலப்பனைச் சந்தியிலயே பிள்ளை நித்திரை கொள்ளும். மழை பெய்தா சொல்லத் தேவையில்லை. கூகிளில ஞாயிற்றுக்கிழமை தூரம் பார்க்காதேங்கோ, பள்ளிக்கூட நாளில காலமை ஆறேமுக்காலுக்கு ஒருக்கா ஓட்டோவில போய்ப் பாருங்கோ.

காசு. கம்பனி பிள்ளையளுக்குப் படிப்புக் காசு தாறது எண்டு சொன்னது, கடிதத்தைப் பார்த்தா ரெண்டு பிள்ளைக்கு மட்டும், ரூபாயில, ஒரு எல்லைக்குள்ள. சேர்ப்புக்காசு அதுக்குள்ள வராது. பெடியனுக்கு ரெண்டு தரம் சேர்ப்புக்காசு கட்டினது முழுக்க அண்ணாவின்ர பொக்கற். இங்க சில பள்ளிக்கூடம் டொலரில கேக்கும், சிலது ரூபாயில. 2022 தொடக்கத்தில 200 ரூபாய்ச் சொச்சத்தில நிண்ட டொலர் வைகாசிக்குள்ள 360ஐ எட்டினது, டொலரில ஃபீஸ் கட்டிக்கொண்டு ரூபாயில சம்பளம் எடுத்தவை அந்த வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும், ரியூஷன் காசைப் பிறகு தாறன் மிஸ் எண்டு எத்தினை பேர் வந்து நிண்டவை. அதே வருஷம் ஆனி ஆடியில பெற்றோல் இல்லாமல் கொழும்புப் பள்ளிக்கூடங்கள் பூட்டி எல்லாம் ஒன்லைன். அதால சம்பளம் எந்தக் காசில வருதோ அந்தக் காசில ஃபீஸ் இருக்கிற இடம் நல்லம் எண்டது என்ர அபிப்பிராயம், வருஷத்துக்கு எவ்வளவு கூட்டுவினம் எண்டதையும் எழுத்தில வாங்குங்கோ.

ரியூஷனைப் பற்றியும் கேளுங்கோ. இவ்வளவு ஃபீஸ் கட்டிப்போட்டு சயன்சுக்கும் கணக்குக்கும் வெளியில ரியூஷனுக்குப் போகாத பிள்ளை உங்கட இயர் 11இல எத்தினை பேர் எண்டு. என்ர வாயில நானே மண் அள்ளிப் போடுறன், பரவாயில்லை.

கடைக்குட்டியைப் பற்றி எழுத ஒண்டுமில்லை. ஒழுங்கை முடிவில இருந்த மொன்ரிசூரியில விட்டம், அழுதவள், பிறகு அழேல்ல. இப்ப அவள்தான் மூண்டு பேரிலயும் வடிவாத் தமிழ் கதைக்கிறது, இடையில "ஹரி ஹரி" எண்டு சிங்களமும் போடுவாள்.

2025

மூத்தவளின்ர ரிசல்ட்ஸ் ஆவணியில வந்தது. கணக்கு 9 (அதுதான் ஆகக் கூடினது), சயன்ஸ் எல்லாம் 8க்கு மேல, ஹிஸ்ட்ரி 6. அதுக்கு முதல் தையிலயே அடுத்த கேள்வியை வீட்டில கதைச்சாச்சு, இங்க ஏ.எல் தொடங்கிறதோ, லண்டனோ. எடெக்சலின்ர இன்டர்நஷனல் ஏ லெவல் யூனிட் யூனிட்டா எழுதிறது, இயர் 12இல கொஞ்சத்தை முடிச்சு வைக்கலாம். இங்கிலாந்துக்குள்ள ஏ லெவல் ரெண்டு வருஷமும் படிச்சுக் கடைசியில ஒரேயடியா எழுதிறது. இதில இருந்து அதுக்கு நடுவில பாயேலாது, இயர் 13க்குப் புதுசாப் பிள்ளை எடுக்கிற சிக்ஸ்த் ஃபோர்மும் அருமை. ஒண்டில் முழுக்க இங்க, இல்லாட்டி முழுக்க அங்க.

இதோட யூனிவர்சிட்டி ஃபீஸ் வேற. இங்கிலாந்தில உள்ளூர்ப் பிள்ளைக்கு 2025இல வருஷத்துக்கு 9,535 பவுண்ட்ஸ். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதின்ர ரெண்டு மூண்டு மடங்கு எண்டு போகும். பாஸ்போர்ட் மட்டும் காணாது, கோர்ஸ் தொடங்க முன்னம் 3 வருஷம் அங்க சாதாரணமா வசிச்சிருக்கவேணும் எண்டு கேப்பினம். தகப்பன் தற்காலிகமா வேலைக்கு வந்தது எண்டு காட்டினா அதைக் கணக்கில எடுக்கிறது உண்டு, ஆனா முடிவு அந்தந்த யூனிவர்சிட்டியின்ரது. இதை அண்ணா வரமுதலே நான் சொன்னபடியா கொன்ராக்ட் கடிதத்தில "தற்காலிகம்", "3 வருஷம்" எண்டு போடுவிச்சு வச்சிருக்கிறார், லண்டன் வீட்டையும் விக்கேல்ல, வாடகைக்குத்தான் குடுத்தது. அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரு ஃபைலில.

அவள் போனாள். அண்ணியின்ர தங்கச்சி வீட்டில நிண்டு சிக்ஸ்த் ஃபோர்ம். வரேக்க அழுதுகொண்டு வந்த பிள்ளை, போகேக்கயும் அழுதுகொண்டுதான் போனது, இங்க ஆறேழு பெட்டையள் நல்ல கூட்டாயிட்டினம். கட்டுநாயக்காவுக்குப் போற வழியில என்னைப் பார்த்து "மாமி, என்னை அனுப்பிற பிளான் நான் வரமுதலே போட்டது நீங்கள்தானே" எண்டு கேட்டாள். பகிடிக்குத்தான் கேட்டாள் எண்டு அண்ணி சொல்லுறா. எனக்கு அப்பிடித் தெரியேல்ல.

பெடியன் சின்னப் பள்ளிக்கூடத்தில இயர் 8. வாசிப்பு இன்னும் மெதுதான், ஆனா செஸ் டீமில இருக்கிறான். திட்டப்படி 2026 ஆவணியில போனா இயர் 9. இயர் 7க்கு எண்டா முதல் வருஷம் ஐப்பசி 31க்குள்ள கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கவேணும், இவன் இடையில சேருறபடியா அது இல்லை, வீட்டு விலாசத்தைக் காட்டி எங்க இடம் இருக்கோ அங்கதான். ஈ.எச்.சி.பியும் திருப்பி முதலில இருந்து. அண்ணா இப்ப இன்னும் ஒரு வருஷம் நீட்டலாமோ எண்டு கம்பனியிட்ட கேட்டிருக்கிறார், அண்ணியிட்ட இன்னும் கேக்கேல்ல, இதை வாசிச்சா அவவுக்குத் தெரியவரும்.

பெடியனின்ர முதல் பள்ளிக்கூடத்தின்ர டெபொசிட், திருப்பித் தாறது எண்டு சொன்ன அந்தக் காசு, இண்டு வரைக்கும் வரேல்ல. ஒரு டேர்ம் நோட்டீஸ் குடுக்காமல் நிப்பாட்டினபடியா தரேலாது எண்டினம், நோட்டீஸ் குடுத்த ஈமெயில் எங்களிட்ட இருக்கு. அண்ணா மாசாமாசம் போயா (பௌர்ணமி) லீவண்டு இருந்து ஒரு ஈமெயில் போடுறவர். போன கிழமை போட்டது இருவத்திரண்டாவது.